பீடி அளவுக் கட்டம்

1. முதல் நாள்

பேச்சி எங்கள் பள்ளிக்கு வந்த முதல் நாளில் என் மூக்குக் கண்ணாடி உடைந்தது. அவள் உடைக்கவில்லை. அவள் தன் காதில் அறைந்துகொண்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். மேசை மேல் கழற்றி வைத்திருந்த கண்ணாடி முழங்கை பட்டுக் கீழே விழுந்தது. இருபது வருஷத்துக்கு மேல் சிறப்புப் பள்ளியில் குப்பை கொட்டியவள், ஏழு வயதுப் பிள்ளையின் கைச்சத்தத்துக்கு இப்படி ஆடிப்போகலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பாளையங்கோட்டையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பகல் பள்ளி அது. ஒரு வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு ஆயா. என் வகுப்பில் ஆயா ரத்தினம். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் பாக்கி இருந்தபோது பேச்சி வந்து சேர்ந்தாள். இன்றைக்கு ஸ்பெஷல் பி.எட். முடித்து, கையில் பளபளவென்று டேட்டா ஷீட் வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது. நான் செய்த தவறு இரண்டையும் அவர்கள் திரும்பச் செய்ய வேண்டாம்.

பேச்சிக்குப் பேச்சு வராது. வலது கையை விரித்து வலது காதிலே அறைந்துகொள்வாள். காது மடல் தடித்து, ஓரம் கறுத்திருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர், இப்படியே போனால் செவிப்பறை கிழியும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்.

அவளை அழைத்து வந்தவள் அம்மா இசக்கியம்மாள். முக்கூடல் பக்கத்துக் கிராமம். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். இசக்கி வீட்டில் பீடி சுற்றுகிறவள். தினமும் காலை பஸ்ஸில் மகளைக் கொண்டுவந்து விடுவாள். திரும்பப் போய் வர நேரம் போதாது என்று மதியம் வரை இங்கேயே இருப்பாள். கையோடு பீடித் தட்டையும் கொண்டுவந்தாள். பள்ளிக்குள் புகையிலைத் தூள் கூடாது என்று தாளாளர் சொல்லிவிட்டதால், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்துகொள்வாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தலை வகிடு மட்டும் தெரியும்.

மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து வருகிற உளவியலாளர் சாமுவேல் சார்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் திட்டம் எழுதுவார். பேச்சிக்கு அவர் எழுதியது இரண்டே வரி. மூன்று மாதம் பயிற்சி. குறையவில்லை என்றால் இரண்டு கைக்கும் ஸ்பிளிண்ட்.

ஸ்பிளிண்ட் என்பது முழங்கை மடங்காதபடி அட்டை வைத்துத் தைத்த உறை. காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவது. காதை அடிக்க முடியாது. அதே கையால் சோறு எடுத்து வாயில் வைக்கவும் முடியாது, மூக்கைச் சொறியவும் முடியாது. சாமுவேல் சார் கல்மனசுக்காரர் இல்லை. செவிப்பறை போனால் திரும்ப வராது என்பது அவருடைய கவலை. ஆனால் பேச்சி தன் கையால் இட்லியைப் பிய்த்துத் தின்னப் பழகியே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இசக்கி அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கையக் கெட்டிட்டா பிள்ள எப்படி டீச்சர் திம்பா?”

“நீ ஊட்டணும்” என்றேன்.

2. கட்டம் போட்ட மூன்று மாதம்

பயிற்சி எளிமையானது. பாடம் கஷ்டமாக இருந்தாலோ கூச்சல் அதிகமானாலோதான் பேச்சி காதில் அடிப்பாள். அதற்குப் பதிலாக என் உள்ளங்கையில் தட்டினால் பாடத்தை உடனே நிறுத்திவிடுவேன். அவள் கை காதுக்குப் போகும் முன்னால் என் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். முதல் மாதம் என் உள்ளங்கை சிவந்தே கிடந்தது.

பயிற்சி ஒரு பக்கம், பதிவு ஒரு பக்கம். பதிவு இல்லாமல் சாமுவேல் சாரிடம் வாய் திறக்க முடியாது. எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தியின் ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் நாங்கள் எல்லோரும் செய்கிற வழக்கப்படி பார்ஷியல் இண்டர்வல் எடுத்தேன். வகுப்பில் அதற்குப் பெயர் கட்டம் போடுவது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு மணி நேரம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கட்டம், மொத்தம் இருபத்து நான்கு கட்டம். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு தடவையாவது அடித்தால் கட்டத்தில் டிக். ஒரு தடவை அடித்தாலும் ஒரு டிக்தான், இருபது தடவை அடித்தாலும் ஒரு டிக்தான். வசதியான முறை. ஒரு டிக் போட்டுவிட்டால் மிச்ச நிமிஷத்துக்கு வேறு பிள்ளையைப் பார்க்கலாம்.

முதல் வாரம் இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு. அதுதான் பேஸ்லைன், பிறகு வருவதை ஒப்பிட்டுப் பார்க்கிற தொடக்க அளவு. அடுத்த மாதமும் அதே. மூன்றாவது மாத நடுவில் இருபத்திரண்டு, இருபத்தொன்று, மறுபடி இருபத்திரண்டு. கிராஃபில் கோடு போட்டால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போனது.

“கொறஞ்ச மாதிரி இருக்கே டீச்சர்” என்று ரத்தினம் ஒருநாள் சொன்னாள்.

“மாதிரிய வச்சு நான் என்ன செய்ய? ஷீட்டப் பாரு” என்று எரிந்து விழுந்தேன்.

உண்மையில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு அடியும் விழும்போது, நம் பயிற்சி வீண் என்று மனசு சொல்லும். பத்து நிமிஷம் அடி விழாமல் இருந்தால் அதை மனசு குறித்துக்கொள்வதில்லை. அதற்காகத்தானே ஷீட் என்று நான் என் கண்ணை நம்பாமல் ஷீட்டை நம்பினேன். சாமுவேல் சார் வந்து முடிவு சொல்லும் ரிவ்யூவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஸ்பிளிண்ட் தைக்க பிசியோதெரபிஸ்ட் வந்து பேச்சியின் கைக்கு நாடா வைத்து அளவெடுத்துப் போனார்.

3. சுவருக்கு அந்தப் பக்கம்

ரிவ்யூ நெருங்க நெருங்க இசக்கியிடம் மறைப்பது பாவம் என்று பட்டது. ஒருநாள் மதியம் கேட்டுக்கு வெளியே போனேன். அவள் மடியில் தட்டு. வெட்டின இலையில் தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கி, தட்டில் போடுகிறாள். கண் பீடியில் இல்லை, எங்கேயோ இருக்கிறது. கை பாட்டுக்கு ஓடுகிறது.

“இசக்கி, ரிவ்யூ வருது. ஒளிக்காமச் சொல்லுதேன். பேச்சி அடிக்கது கொறையல.”

“கொறையலயா? யாரு சொன்னா?”

“ஷீட்டு சொல்லுது.”

“ஷீட்டுக்குக் காது இருக்கா டீச்சர்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று மாதமாக உள்ளங்கை வலிக்க வேலை செய்கிறேன், இவள் வெளியே உட்கார்ந்துகொண்டு கேலி பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“இங்கன பாருங்க. இது ஒரு கட்டுக்குள்ள பீடி. இருவத்தஞ்சு.”

பார்த்தேன். பீடிகள் சுற்றிய வரிசையிலேயே பக்கம் பக்கமாகக் கிடந்தன. எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்திருக்க, நாலைந்து மட்டும் தலை மாறிக் கிடந்தன.

“ஒரு பீடி சுத்துத நேரத்துல அவ அடிக்க சத்தம் கேட்டா, அந்தப் பீடியத் திருப்பிப் போட்டிருவேன். கட்டும்போது நேராக்கிக்கிடுவேன், இல்லன்னா கடையில கழிச்சிருவான். நீங்க பிள்ளயச் சேத்த வாரத்துல தட்டு முழுக்கத் திரும்பித்தான் கெடக்கும். ஏழெட்டு நேரா இருந்தாலே பெரிசு. இப்பம் எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். ஐந்து.

“இது இன்னைக்கு மட்டும் இல்ல. இந்த வாரம் பூரா நாலு, அஞ்சு, ஆறு. அதத் தாண்டல.”

“இத நீ ஏன் செய்யுத? யாரு சொல்லித் தந்தா?”

“யாரு சொல்லித் தரணும்? உள்ள வந்து பாக்க முடியாது. பிள்ள அழுதாளா, அடிச்சாளான்னு மனசு அடிச்சிக்கிடும். அடி விழுந்ததும் கை தன்னால திருப்பிப் போட்டுது. அப்படியே பழகிட்டு.”

மறுநாள் வகுப்பை ரத்தினத்திடம் விட்டுவிட்டு அரை மணி நேரம் அவள் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தேன். ஜன்னலிலிருந்து சத்தம் தெளிவாகக் கேட்டது. அவள் கை வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு இரண்டு பீடி, ஏறக்குறைய மாறாமல். அடி விழுந்தபோதெல்லாம் பீடி திரும்பியது. ஒன்றுகூடத் தவறவில்லை.

படித்த நான் மூன்று மாதமாக யோசிக்காத விஷயம் அந்தச் சாக்கில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. இசக்கி வேறு எதுவும் புதிதாகச் செய்யவில்லை. நான் செய்ததையேதான் செய்தாள். அவளும் கட்டம்தான் போட்டாள். அடி விழுந்தால் அந்தக் கட்டத்துக்கு அடையாளம். என் கட்டம் ஐந்து நிமிஷம். அவள் கட்டம் ஒரு பீடி, அதாவது அரை நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்குப் பதினைந்து அடி விழுந்த காலத்திலும் என் கட்டத்தில் டிக். இரண்டே அடி விழும் இப்போதும் டிக். பெரிய கட்டம் போட்டு நானே பிள்ளையின் முன்னேற்றத்தை மூடி மறைத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் அவள் கைக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள்.

4. மணி அடித்தால் பார்ப்பது

இங்கே நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்து எண்ணுவது. ஆனால் அவசரம். ரிவ்யூவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. புத்தகத்தில் இன்னொரு முறை இருக்கிறதே என்று அதற்குத் தாவினேன். மொமென்டரி டைம் சாம்ப்ளிங். போனில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி வைக்க வேண்டும். மணி அடிக்கிற அந்த நொடியில் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அந்த நொடியில் அடித்துக்கொண்டிருந்தால் டிக், இல்லை என்றால் இல்லை. பார்ஷியல் இண்டர்வல் கூட்டிக் காட்டும், இது அப்படிக் காட்டாது என்று படித்த ஞாபகம். பாதி ஞாபகம்.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். ஐந்து நாளும் பூஜ்யம். தினமும் இருபத்து நான்கு தடவை மணி அடித்தும் ஒரு தடவைகூட பேச்சியின் கை காதில் இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கிராஃப் போட்டேன். மலையிலிருந்து தண்ணீர் விழுவதுபோல் கோடு மேலிருந்து நேராகக் கீழே வந்தது. ஸ்பிளிண்ட் போயே போச்சு என்று ரத்தினத்திடம் சொல்லி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கிராஃபை இசக்கியிடம் காட்டத்தான் ஓடினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எண் நன்றாகத் தெரியும். கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே கடைசி வரை வந்தாள்.

“இது என்ன டீச்சர், கீழ முட்ட?”

“பூஜ்யம். பேச்சி அடிக்கத நிறுத்திட்டா. இதக் காட்டினா சார் கையக் கெட்டச் சொல்ல மாட்டாவ.”

இசக்கி தட்டைப் பார்த்தாள். அன்றைக்கும் ஆறு பீடி தலைகீழாகக் கிடந்தது.

“நிறுத்தலயே.”

“நான் பாக்கும்போது அடிக்கலம்மா. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கப் பாக்கேன்.”

“அவ அடிக்கது கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிருமே. நீங்க மணி அடிச்சாப் பாப்பீய. அவ மணி கேட்டா அடிப்பா?”

ஒரு பிள்ளை இடத்தை விட்டு எழுந்து சுற்றுகிறது, விரலை வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறது, இப்படி நீண்ட நேரம் நடக்கிற காரியத்துக்குத்தான் மணி முறை ஒத்துவரும். அரை நொடியில் முடிகிற அடிக்கு அது குருட்டுக் கண். ஆரம்பத்தில் அடி மேல் அடி விழுந்தபோது இந்த முறையில் பார்த்திருந்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும். முதல் ஷீட் குறைந்ததை மறைத்தது. இரண்டாவது ஷீட் மிச்சத்தை மறைத்தது. முதல் தவறு அறியாமல் செய்தது. இரண்டாவதில் எனக்குப் பிடித்த விடை வந்ததால் கேள்வியே கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

இருந்தாலும் ஒரு கணம் எனக்கு ஆசை விடவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

“இசக்கி, இந்தத் தாளக் குடுத்தா ஸ்பிளிண்ட் நிச்சயமா இல்ல. அத மட்டும் யோசி.”

“நெசத்தச் சொன்னா கெட்டிருவாவளா?”

“தெரியாது. நெசமாவே தெரியாது.”

அவள் கொஞ்ச நேரம் பீடி சுற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு பைய ஒரு இலையை எடுத்தாள்.

“நின்னுட்டுன்னு எழுதினா நீங்க அந்தக் கையத் தட்டுத பாடத்த நிப்பாட்டிருவீய. அடுத்த பிள்ளைக்குப் போயிருவீய. அவ காதுல மிச்சம் விழுத அடிய அப்புறம் யாரு பாப்பா? இருக்கத எழுதுங்க டீச்சர்.”

அந்தத் தாளை அங்கேயே நாலாக மடித்தேன். உள்ளே வந்து யாருக்கும் தெரியாமல் பாத்ரூமில் நின்று அழுதேன். அவமானம் பாதி, அவள் மேல் வந்த மரியாதை பாதி.

5. இரண்டு வீடியோ

உட்கார்ந்து எண்ணலாம் என்று முடிவு செய்த பிறகுதான் இன்னொரு முட்டுக்கட்டை தெரிந்தது. இன்று எத்தனை அடி என்று எண்ணிவிடலாம். மூன்று மாதத்துக்கு முன்னால் எத்தனை என்பது எங்கே இருக்கிறது? என் பழைய ஷீட்டில் டிக்தான் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. இசக்கியின் பழைய பீடி எல்லாம் யார் யார் வாயிலோ புகைந்து போயிருக்கும். முன்னால் எத்தனை என்று தெரியாமல் குறைந்தது என்று எப்படிச் சொல்ல?

ரத்தினம்தான் ஞாபகப்படுத்தினாள். சேர்த்த வாரத்தில் சாமுவேல் சாருக்கு அனுப்புவதற்காக என் போனில் பேச்சியை வீடியோ எடுத்திருந்தேன். தேடினேன். பேரன் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில் இருபது நிமிஷ வீடியோ ஒன்று கிடந்தது. மறுநாள் அதே நேரத்தில், அதே பாடத்தை வைத்து, இன்னொரு இருபது நிமிஷம் எடுத்தேன்.

எண்ணுவதற்குத் திருச்செந்தூரில் கோயில் கடைகளில் விற்கிற, விரலில் மோதிரம் மாதிரி மாட்டிப் பொத்தானை அமுக்குகிற ஜெபக் கவுண்டர் இரண்டு வாங்கிவர ரத்தினத்திடம் சொன்னேன். ஒன்று எனக்கு, ஒன்று ரத்தினத்துக்கு. குறையணும் என்று ஆசைப்படுகிறவள் நான். என் எண்ணிக்கையை நானே நம்பக் கூடாது என்பது அதற்குள் உறைத்திருந்தது. அதனால் ரத்தினம் அந்த மூலையில், நான் இந்த மூலையில். ஒருவர் எண்ணியதை ஒருவர் பார்க்கக் கூடாது. அடி என்றால் எது என்பதை முதலில் பேசிக்கொண்டோம். உள்ளங்கை காதில் பட்டுச் சத்தம் வந்தால் அடி. கை ஓங்கி நின்றுவிட்டால் அடி இல்லை.

பழைய வீடியோவில் எனக்கு அறுபத்தொன்று, ரத்தினத்துக்கு அறுபத்து மூன்று. புதியதில் இரண்டு பேருக்கும் எட்டு.

பிறகு அதே இரண்டு வீடியோவையும் என் பழைய முறையில் ஐந்து நிமிஷக் கட்டம் போட்டுப் பார்த்தேன். பழையதில் நாலு கட்டத்துக்கு நாலு டிக். புதியதிலும் நாலுக்கு நாலு. மணி முறையில் இரண்டிலும் பூஜ்யம். ஒரே பிள்ளை, ஒரே வீடியோ. ஒரு முறை எதுவும் மாறவில்லை என்கிறது. இன்னொரு முறை எதுவுமே நடக்கவில்லை என்கிறது. ரத்தினம் கவுண்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள், “அப்பம் இத்தன வருசமும் நம்ம எழுதினது?”



ரிவ்யூவுக்கு இசக்கி பேச்சியோடு வந்திருந்தாள். மேசை மேல் பேச்சிக்குத் தைத்த ஸ்பிளிண்ட் இரண்டும் தயாராக இருந்தன. சாமுவேல் சார் என் மூன்று மாத ஷீட்டைப் புரட்டிவிட்டு மூக்கைத் தடவினார். நான் தவறு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வீடியோ இரண்டையும் போட்டுக் காட்டினேன். அவர் என் விரலிலிருந்து கவுண்டரை வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டையும் முழுசாகப் பார்த்தார். நாற்பது நிமிஷம். வெளியே இரண்டு பெற்றோர் காத்திருந்தார்கள், அவர் நகரவில்லை. அவருக்கு அறுபது, எட்டு.

“இது எப்ப டீச்சர் தெரிஞ்சது உங்களுக்கு?”

“எனக்குத் தெரியல சார். அவங்களுக்குத்தான் தெரிஞ்சது” என்று இசக்கியைக் காட்டினேன். பீடி விஷயத்தைச் சொன்னேன். பூஜ்யத் தாளையும் மறைக்காமல் சொன்னேன்.

சார் இசக்கியிடம் திரும்பினார். “அந்தப் பூஜ்யத்த நீங்க ஒத்துக்கிட்டிருந்தா இந்த ஸ்பிளிண்ட் பேச்சே வந்திருக்காதும்மா. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“பயமா இல்லையா?”

“இருந்துச்சு சார். ராத்திரி சோறு எறங்கல. ஆனா நான் தெனமும் அஞ்சு பீடியத் திருப்பிப் போடுதேன். இங்க முட்டன்னு எழுதினா நாளைக்கு நான் எந்தக் கையால திருப்பிப் போட?”

சாமுவேல் சார் தாளில் ‘ஸ்பிளிண்ட் வேண்டாம், பயிற்சி தொடரவும்’ என்று எழுதினார். அதற்குக் கீழே, பதிவு முறையை மாற்றவும் என்று எழுதி இரண்டு தடவை கோடிட்டார். அந்தக் கோடு எனக்குத்தான். தகுதியான கோடு.

இசக்கி அழுவாள் என்று நினைத்தேன். அவள் மகளை மடியில் இழுத்து வைத்து, டிபன் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். பேச்சி புளிசாதத்தைத் தன் கையால் அள்ளி அள்ளித் தின்றாள். பாதி கீழே கொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

6. அதற்குப் பிறகு

அன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கு ஷீட் போட்டாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். நான் பார்க்கிற காரியம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? சட்டென்று முடிகிற காரியமானால் எண்ணு. எண்ண ஆளில்லை என்றால் கட்டத்தைச் சின்னதாக்கு. முழு நாளும் முடியாது என்றால் இருபது நிமிஷம் ஒழுங்காக எண்ணு. இரண்டு மணி நேரம் ஒப்புக்கு டிக் போடுவதைவிட அது மேல். நீண்ட நேரம் நடக்கிற காரியமானால் மணி வைத்துப் பார்க்கலாம், ஆனால் மணியை அடிக்கடி அடிக்க விடு. வாரத்துக்கு ஒருமுறையாவது இன்னொருவரைத் தனியாக எண்ணச் சொல். பயிற்சி தொடங்கும் முன்னாலேயே வீடியோ எடுத்து வை. உனக்குப் பிடித்த விடை வந்தால் அன்றைக்கு இரண்டு மடங்கு சந்தேகப்படு. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதுதான். நானும் படித்து மார்க் வாங்கினவள்தான்.

படிப்பில்லாதவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தன் பிள்ளை விஷயத்தில் ஆசையைக் கண்ணில் ஏறவிடாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படித்த பெற்றோர்களிலும் இல்லை, எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் இல்லை. பூஜ்யம் வர வேண்டும் என்று இசக்கியைவிட ஆசைப்பட்டவர்கள் யாரும் கிடையாது. வந்த பூஜ்யத்தை வேண்டாம் என்றவளும் அவள்தான். அந்த நேர்மைக்கு முன்னால் என் சர்டிபிகேட்டெல்லாம் வெறும் காகிதம் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

பயிற்சி தொடர்ந்தது. இசக்கியின் கட்டில் திரும்பிக் கிடக்கும் பீடி ஐந்திலிருந்து நாலானது. பல மாதம் நாலிலேயே நின்றது. ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு ஏழாக ஏறி, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் தொங்கப்போட வைத்து, மறுபடி இறங்கியது. பேச்சி என் உள்ளங்கையில் மட்டும் இல்லாமல் ரத்தினத்தின் முதுகிலும், பக்கத்துப் பிள்ளையின் மேசையிலும் தட்டப் பழகினாள். காது மடலின் கறுப்பு மங்கியது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை மதியம், இசக்கி முதல்முறையாக வகுப்பு வாசல்வரை வந்தாள். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு நின்றாள்.

“டீச்சர், ஒரு நாப்பூரா எந்தக் கட்டுலயும் ஒண்ணுகூடத் திரும்பாம வந்துட்டு.”

நான் எழுந்தே விட்டேன். “இன்னைக்கா?”

“இல்ல. போன வியாழக்கெழம.”

“போன வியாழக்கிழமையா? ஏன் இசக்கி அன்னைக்கே சொல்லல?”

“ஒரு நாள வச்சு என்னத்தச் சொல்ல? அடுத்த நாளும் அப்படி வருதான்னு பாத்தேன். இன்னைக்கோட ஆறு பள்ளிக்கூட நாளு ஆச்சு.”

ஆறு நாளாக அந்தச் சந்தோஷத்தை ஒருவரிடமும் சொல்லாமல், ஜன்னலுக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு, அவள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.